ஓ.ஆர்.எஸ் பாக்கெட்டின் பின்பக்கத்தில் ஒரு வேதியியல் பாடம்

மருந்துக் கடையில் ஒரு ஓ.ஆர்.எஸ் பாக்கெட் வாங்குங்கள், வயிற்றுப்போக்கு வந்தால் தண்ணீரில் கலந்து குடிக்கக் கொடுக்கிற பொடிதான். உலக சுகாதார நிறுவனம் சொன்ன அளவுப்படி செய்தது என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பின்பக்கத்தைத் திருப்பினால் பொடி எழுத்தில் நான்கு வரிகள் இருக்கும்: சோடியம் குளோரைடு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், ட்ரைசோடியம் சிட்ரேட் 2.9 கிராம். மொத்தம் 20.5 கிராம். ஒரு லிட்டர் தண்ணீரில் கலக்கச் சொல்லியிருப்பார்கள்.

உயிரியல் முதல் வருடம் படிக்க வருகிறவருக்கு எவ்வளவு வேதியியல் வேண்டும் என்று யாராவது கேட்டால், இந்த நான்கு வரியை முழுசாக வாசிக்கத் தெரிகிற அளவு வேண்டும் என்று சொல்வேன். அயனி, மூலக்கூறு, பிணைப்பு, கரைதல், மோல், பிஹெச் என்று முதல் அத்தியாயத்தில் வரிசைகட்டி வருகிற அத்தனையும் இதற்குள் இருக்கின்றன. ஏன் 2.6, ஏன் 13.5 என்பதற்குக்கூட அந்த அத்தியாயத்திலேயே பதில் இருக்கிறது.

வருடா வருடம் புதிய பிள்ளைகள் வந்து உட்காரும்போது யாராவது ஒருவர் சொல்லிவிடுவார்: "எனக்குக் கெமிஸ்ட்ரி வராது சார், அதனாலதான் பயாலஜி எடுத்தேன்." அப்புறம் புத்தகத்தைத் திறந்தால் முதல் பாடமே வேதியியல்! மிரண்டுபோய் வரையறைகளை மனப்பாடம் செய்து, தேர்வு எழுதி, மறந்துவிடுகிறார்கள். மூன்று மாதம் கழித்து செல் சவ்வு பாடம் வரும்போது, எது உள்ளே போகும், எது போகாது என்று ஒரு பட்டியலை மறுபடி மனப்பாடம் செய்ய வேண்டியதாகிறது. எனக்கு இது மனசுக்குக் கஷ்டமாக இருக்கும், ஏனென்றால் அந்தப் பட்டியலை மனப்பாடம் செய்ய அவசியமே இல்லை. ஒரே ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டால் பட்டியல் தானாக வந்துவிடும். இரண்டு அணுக்களுக்கு நடுவே இருக்கிற எலக்ட்ரான் எந்தப் பக்கம் சாய்ந்து நிற்கிறது? இதுதான் அந்தக் கேள்வி.

அணுவைப் பற்றிப் பத்தாம் வகுப்பில் படித்ததே போதும். நடுவில் அணுக்கரு, அதில் நேர்மின் கொண்ட புரோட்டான்களும் மின்சுமை இல்லாத நியூட்ரான்களும் இருக்கும். சுற்றி எதிர்மின் கொண்ட எலக்ட்ரான்கள். புரோட்டான் எண்ணிக்கைதான் அணுவின் அடையாளம்: 6 இருந்தால் கார்பன், 11 இருந்தால் சோடியம், வேறு எது மாறினாலும் இது மாறாது. நியூட்ரான் எண்ணிக்கை மாறினால் அதே தனிமத்தின் வேறு ஐசோடோப்பு கிடைக்கும். பழைய எலும்பின் வயதைக் கணிக்க உதவுகிற கார்பன்-14 அப்படி ஒன்று, அதைப் பற்றி இப்போதைக்கு இவ்வளவு தெரிந்தால் போதும். உயிரியலில் நமக்கு வேலை எல்லாம் எலக்ட்ரானோடு, அதிலும் வெளிக்கூட்டில் இருக்கிற எலக்ட்ரானோடுதான். நம் உடம்பின் எடையில் ஏறத்தாழ 65 சதவீதம் ஆக்சிஜன், 18 கார்பன், 10 ஹைட்ரஜன், 3 நைட்ரஜன். இந்த நான்கிலேயே 96 வந்துவிட்டது. ஆகவே இந்த நான்கு அணுக்களின் குணத்தைத் தெரிந்துகொண்டால் பெரும்பகுதி முடிந்தது.

சரி, முதல் வரிக்கு வருவோம். சோடியம் குளோரைடு, நம் சமையல் உப்பு. சோடியத்திடம் 11 எலக்ட்ரான்கள். உள்கூட்டில் 2, அடுத்ததில் 8, வெளியே தனியாக 1. குளோரினிடம் 17, அதாவது 2, 8, 7. வெளிக்கூட்டில் எட்டு இருந்தால் அணு நிலையாக இருக்கும் என்று படித்திருப்பீர்கள். அணுவுக்கு ஆசையும் கிடையாது, தேவையும் கிடையாது. அப்படி இருக்கும்போது ஆற்றல் குறைவாக இருக்கிறது, அவ்வளவுதான். சோடியத்தின் அந்த ஒற்றை எலக்ட்ரான் குளோரினிடம் போய்விட்டால் இரண்டுக்கும் வெளிக்கூடு நிறைந்துவிடும். கொடுத்தது நேர்மின் அயனி, வாங்கியது எதிர்மின் அயனி. எதிரெதிர் மின்சுமை ஈர்ப்பதால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. அதுதான் அயனிப் பிணைப்பு.

இங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள், நிறைய பேர் இந்த இடத்தைத் தாண்டி ஓடிவிடுகிறார்கள். சோடியம் உலோகத்தின் துண்டைத் தண்ணீரில் போட்டால் தீப்பிடித்து வெடிக்கும். குளோரின் வாயுவை முதல் உலகப் போரில், 1915இல், ஈப்ர என்ற இடத்தில் விஷவாயுவாகத் திறந்துவிட்டார்கள். இந்த இரண்டும் சேர்ந்ததைத்தான் நாம் சாதத்தில் போட்டுக்கொள்கிறோம். ஒரே ஒரு எலக்ட்ரான் இடம் மாறியதால் இரண்டின் குணமும் அடியோடு மாறிவிட்டது. உயிரியல் புத்தகத்தில் "சோடியம் செல்லுக்குள் நுழைகிறது" என்று எங்கே படித்தாலும் அது அந்த வெடிக்கிற உலோகம் இல்லை, எலக்ட்ரானை இழந்து நிற்கிற சோடியம் அயனி. பொட்டாசியம், கால்சியம், மெக்னீசியம் எல்லாமே அப்படித்தான். ரத்தப் பரிசோதனைச் சீட்டில் சோடியம் 140 என்று இருந்தால் அதுவும் அயனிக் கணக்குதான்.

இரண்டாவது வரி குளுக்கோஸ். 6 கார்பன், 12 ஹைட்ரஜன், 6 ஆக்சிஜன் சேர்ந்த ஒரு மூலக்கூறு. இதில் யாரும் யாருக்கும் எலக்ட்ரானை அடியோடு கொடுத்துவிடுவதில்லை, இரண்டு அணுக்கள் ஆளுக்கொரு எலக்ட்ரான் போட்டு ஒரு ஜோடியைப் பொதுவாக வைத்துக்கொள்கின்றன. சகப்பிணைப்பு என்கிறோம். கார்பனின் வெளிக்கூட்டில் 4 இருப்பதால் நான்கு பக்கமும் கை நீட்ட முடியும். சங்கிலியாகவும் வளையமாகவும் கிளையாகவும் நீண்டுகொண்டே போக முடிவது அதனால்தான்.

பொதுவாக வைத்துக்கொண்டால் சமமாக வைத்துக்கொள்கிறது என்று ஆகாது. ஒரே போர்வையை இரண்டு பேர் போர்த்திக்கொண்டு படுத்தால் விடிகாலையில் அது யார் பக்கம் இருக்கும் என்று நமக்குத் தெரியுமே, அது போலத்தான். பொதுவில் இருக்கிற எலக்ட்ரான் ஜோடியைத் தன் பக்கம் இழுக்கிற பலத்துக்கு எலக்ட்ரான் கவர்தன்மை என்று பெயர். வேதியியலாளர் லைனஸ் பாலிங் 1932இல் இதற்கு ஓர் அளவுகோல் போட்டுக் கொடுத்தார். ஆக்சிஜன் 3.44, நைட்ரஜன் 3.04, கார்பன் 2.55, ஹைட்ரஜன் 2.20. எண்கள் மறந்தாலும் பரவாயில்லை, வரிசை மறக்கக் கூடாது. ஆக்சிஜன் பலசாலி, அடுத்து நைட்ரஜன். கார்பனும் ஹைட்ரஜனும் கிட்டத்தட்ட சமம்.

இந்த வரிசையிலிருந்து இரண்டு விஷயம் உடனே கிடைக்கிறது. கார்பனும் ஹைட்ரஜனும் சேர்ந்த இடத்தில் எலக்ட்ரான் நடுவில் நிற்கும், யார் பக்கமும் சாயாது. இது முனைவற்ற பிணைப்பு. ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த இடத்தில் எலக்ட்ரான் ஆக்சிஜன் பக்கம் சாய்ந்துவிடும், ஆகவே ஆக்சிஜன் பக்கம் லேசாக எதிர்மின், ஹைட்ரஜன் பக்கம் லேசாக நேர்மின். இது முனைவுறு பிணைப்பு. "லேசாக" என்ற சொல்லை அழுத்திச் சொல்கிறேன், இது அயனி மாதிரி முழு மின்சுமை கிடையாது. ஆனால் இந்த லேசான சாய்வுதான் தண்ணீரைத் தண்ணீராக வைத்திருக்கிறது.

தண்ணீர் மூலக்கூறில் இரண்டு ஹைட்ரஜனும் நேர்க்கோட்டில் நிற்காமல் 104.5 டிகிரி கோணத்தில் வளைந்து நிற்கின்றன. அதனால் மூலக்கூறுக்கு ஒரு பக்கம் எதிர்மின், மறு பக்கம் நேர்மின் என்று இரண்டு முனைகள் வந்துவிடுகின்றன. ஒரு மூலக்கூறின் ஹைட்ரஜன் பக்கத்து மூலக்கூறின் ஆக்சிஜனிடம் ஈர்க்கப்படும். அதற்குத்தான் ஹைட்ரஜன் பிணைப்பு என்று பெயர். தேர்வுத்தாளில் அடிக்கடி பார்க்கிற பிழை ஒன்று: தண்ணீர் மூலக்கூறுக்கு உள்ளே ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் கட்டிவைத்திருப்பதையே ஹைட்ரஜன் பிணைப்பு என்று எழுதிவிடுகிறார்கள். உள்ளே இருப்பது சகப்பிணைப்பு. அதை உடைக்க ஒரு மோலுக்கு (மூலக்கூறுகளை எண்ணுகிற அளவு, பின்னால் வருகிறது) 460 கிலோஜூல் அளவுக்கு ஆற்றல் வேண்டும். மூலக்கூறுகளுக்கு இடையே இருக்கிற ஹைட்ரஜன் பிணைப்புக்கு ஏறக்குறைய 20 கிலோஜூல் போதும். இருபதில் ஒரு பங்குகூட இல்லை. கண்மூடித் திறப்பதற்குள் கோடிக்கணக்கான முறை அறுந்து மறுபடி ஒட்டிக்கொள்ளும்.

ஒரு டம்ளரை விளிம்பு வரை தண்ணீர் நிரப்பி, அதற்கு மேல் சொட்டுச் சொட்டாக விட்டுப் பாருங்கள். கண்ணைத் தண்ணீர் மட்டத்துக்குக் கொண்டுவந்து பக்கவாட்டில் பார்க்க வேண்டும். வழியாமல் விளிம்புக்கு மேலே உப்பிக்கொண்டு நிற்கும். அந்த உப்பலைத் தாங்குவது இந்தப் பலவீனமான பிணைப்புகள்தான். ஒவ்வொன்றும் பலவீனம், ஆனால் எண்ணிக்கை ஏராளம். மண்பானைத் தண்ணீர் குளிர்வதற்கும் வியர்வை உலரும்போது உடம்பு குளிர்வதற்கும் காரணம் இதேதான்: ஒரு கிராம் வியர்வை ஆவியாக வேண்டுமானால் இத்தனை ஹைட்ரஜன் பிணைப்புகளையும் அறுத்துக்கொண்டு போக வேண்டும், அதற்கு ஏறக்குறைய 2,400 ஜூல் வெப்பத்தைத் தோலிலிருந்து எடுத்துக்கொண்டு போகிறது. டி.என்.ஏவின் இரண்டு இழைகளைச் சேர்த்துவைத்திருப்பதிலும் இந்தப் பிணைப்புக்குப் பங்கு உண்டு, அடினின் தைமினோடு இரண்டு, குவானின் சைட்டோசினோடு மூன்று. செல் பிரியும்போது இழைகளைப் பிரித்துப் படிக்க வேண்டுமே, எல்லாமே சகப்பிணைப்பாக இருந்திருந்தால் அது நடக்கிற காரியமா?

இப்போது பாக்கெட்டைக் கிழித்துத் தண்ணீரில் கொட்டுவோம். பொடி மறைந்துவிடும். உப்பும் கரைந்தது, குளுக்கோஸும் கரைந்தது என்று ஒரே சொல்லால் சொல்லிவிடுகிறோம், ஆனால் உள்ளே நடந்தது வேறு வேறு. உப்பு அயனிகளாகப் பிரிந்துவிட்டது. ஒவ்வொரு சோடியம் அயனியையும் சுற்றித் தண்ணீர் மூலக்கூறுகள் தங்கள் ஆக்சிஜன் பக்கத்தைக் காட்டிக்கொண்டு சூழ்ந்து நிற்கின்றன, குளோரைடைச் சுற்றி ஹைட்ரஜன் பக்கத்தைக் காட்டிக்கொண்டு. குளுக்கோஸ் எதுவாகவும் பிரியவில்லை. அது முழு மூலக்கூறாகவே இருக்கிறது, ஆனால் அதன் வளையத்தைச் சுற்றி ஐந்து இடங்களில் ஆக்சிஜன்-ஹைட்ரஜன் ஜோடிகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. ஒவ்வொன்றும் முனைவுறு பிணைப்பு, ஒவ்வொன்றும் தண்ணீரோடு ஹைட்ரஜன் பிணைப்புப் போட்டுக்கொள்ளும். அதனால் கரைகிறது. நம்பிக்கை வரவில்லை என்றால் ஒரு 9 வோல்ட் பேட்டரியும் ஒரு சின்ன எல்.இ.டி விளக்கும் வைத்து, வயரின் இரண்டு நுனியையும் உப்புத் தண்ணீரில் நனைத்துப் பாருங்கள், விளக்கு எரியும். சர்க்கரைத் தண்ணீரில் எரியாது. மின்சாரத்தை எடுத்துப் போக அங்கே அயனிகள் இல்லை. (வீட்டுப் பிளக்கில் செருகி இதைச் செய்யவே கூடாது, பேட்டரி மட்டும்தான்.)

அதே டம்ளரில் ஒரு சொட்டு நல்லெண்ணெய் விட்டால் மிதக்கிறது. எண்ணெய் பெரும்பாலும் கார்பன்-ஹைட்ரஜன் சங்கிலி. அந்தச் சங்கிலியில் சாய்வு இல்லை, முனை இல்லை, தண்ணீர் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. எண்ணெய் தண்ணீரை வெறுக்கிறது என்று புத்தகங்களில் எழுதியிருக்கும். உண்மையில் தண்ணீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று அவ்வளவு பிடித்துக்கொள்வதால் எண்ணெய் ஓரமாக ஒதுக்கப்படுகிறது. தாமரை இலைத் தண்ணீர் மாதிரி ஒட்டாமல் இரு என்று பெரியவர்கள் சொல்வார்களே, அந்த இலையின் மேலும் கார்பன்-ஹைட்ரஜன் சங்கிலியாலான மெழுகுதான் பூசியிருக்கிறது, நுண்ணிய மேடுபள்ளங்களோடு. தண்ணீர் தன்னைத்தானே பிடித்துக்கொண்டு முத்தாகத் திரண்டு உருளுகிறது.

நெய் ஒட்டின பாத்திரத்தை வெறும் தண்ணீரில் கழுவினால் போகாது, சோப்பு போட்டால் போகும். சோப்பு மூலக்கூறின் தலையில் மின்சுமை இருக்கிறது, வாலில் நீண்ட கார்பன்-ஹைட்ரஜன் சங்கிலி. வால் நெய்க்குள் நுழையும், தலை தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால் செல் சவ்வு ஏறக்குறைய இதே கட்டுமானம். பாஸ்போலிப்பிடு என்ற மூலக்கூறுக்குப் பாஸ்பேட் கொண்ட தலை ஒன்று, கொழுப்பு அமில வால் இரண்டு. தண்ணீருக்குள் விட்டால் இவை தாமாகவே இரண்டு அடுக்காக நின்றுகொள்ளும், தலைகள் இரு பக்கமும் தண்ணீரைப் பார்த்து, வால்கள் நடுவில் ஒளிந்துகொண்டு. யாரும் கட்டிக்கொடுக்க வேண்டாம். இந்த அடுக்கின் தடிமன் ஏறக்குறைய 5 நானோமீட்டர்தான், ஆனால் அதன் நடுப்பகுதி எண்ணெய் மாதிரி.

ஆகவே அந்த மனப்பாடப் பட்டியலை இப்போது நீங்களே எழுதலாம். ஆக்சிஜன் வாயுவில் இரண்டு அணுக்களும் ஒன்றேதான், இழுபறி சமம், முனை இல்லை, சவ்வுக்குள் சுலபமாகப் போய்விடும். கார்பன் டை ஆக்சைடும் போகும், அதில் இரண்டு பக்க இழுப்பும் எதிரெதிராக இருந்து சரிக்குச் சரியாகிவிடுகிறது. சோடியம் அயனி? முழு மின்சுமை, சுற்றித் தண்ணீர்ப் பட்டாளம், எண்ணெய் நடுவே நுழைய வழியே இல்லை. குளுக்கோஸ்? ஐந்து முனைவுறு கைகளோடு அதுவும் மாட்டிக்கொள்ளும். இரண்டுக்கும் கதவு வேண்டும். கதவு என்றால் சவ்வில் பதிந்திருக்கிற புரதம்.

ஓ.ஆர்.எஸ்ஸின் ரகசியம் இந்தக் கதவில்தான். நம் சிறுகுடலின் செல்களில் ஒரு புரதம் இருக்கிறது, அது இரண்டு சோடியம் அயனிகளையும் ஒரு குளுக்கோஸையும் சேர்த்துத்தான் உள்ளே விடும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டால் வேலை ஓடாது. உயிர்வேதியியலாளர் ராபர்ட் கிரேன் 1960இல் பிராக் நகரில் நடந்த ஒரு கூட்டத்தில் இந்த யோசனையைச் சொன்னார். செல்லுக்குள் சோடியம் எப்போதும் குறைவு, ஒரு லிட்டருக்கு 10 முதல் 15 மில்லிமோல். வெளியே 145 வரை. மறு பக்கத்துச் சவ்வில் இருக்கிற பம்பு, செல்லுக்கு ஆற்றல் தருகிற ஏ.டி.பி மூலக்கூறு ஒவ்வொன்றையும் செலவழித்து 3 சோடியத்தை வெளியே தள்ளி 2 பொட்டாசியத்தை உள்ளே இழுத்து, இந்த வித்தியாசத்தைக் காப்பாற்றுகிறது. உள்ளே குறைவாக இருப்பதால் சோடியம் உள்ளே பாயப் பார்க்கிறது, அதன் கையைப் பிடித்துக்கொண்டு குளுக்கோஸும் வருகிறது, இரண்டின் பின்னாலேயே தண்ணீரும் வருகிறது.

காலரா வந்தால் அந்தக் கிருமியின் நச்சு குடல் செல்களின் குளோரைடு வாயிலைத் திறந்துவிட்டு மூடவிடாமல் செய்கிறது. குளோரைடு குடலுக்குள் கொட்டும், எதிர்மின் போனால் நேர்மின் சோடியமும் பின்னால் போகும், தண்ணீரும் போகும். கடுமையான காலராவில் மணிக்கு ஒரு லிட்டர் வரைகூட நீர் வெளியேறும். ஆனால் சோடியம்-குளுக்கோஸ் கதவை அந்த நச்சு தொடுவதில்லை. 1971இல் வங்கதேசப் போரின்போது எல்லையோரம் பாங்காவோன் அகதி முகாமில் காலரா பரவி, நரம்பில் ஏற்றுகிற சலைன் தீர்ந்துபோன நிலையில், மருத்துவர் திலீப் மஹலனோபிஸ் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் சமையல் உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா என்று கலந்து டிரம்களில் வைத்துக் குடிக்கக் கொடுத்தார். உறவினர்களே மொண்டு கொடுத்தார்கள். 30 சதவீதம் வரை இருந்த இறப்பு, கரைசல் குடித்தவர்களிடையே 3.6 சதவீதமாகக் குறைந்தது. வகுப்பில் இதைச் சொல்லும்போது ஒவ்வொரு தடவையும் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

புரதக் கதவு என்றேனே, புரதத்தின் வடிவமும் இதே சாய்வுக் கணக்கில்தான் அமைகிறது. புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த ஒரு சங்கிலி. அவற்றில் சில முனைவுள்ளவை, சில முனைவற்றவை; முனைவற்றவை தண்ணீரிலிருந்து விலகி உள்ளே பதுங்கும், அப்படியே சங்கிலி மடிந்து உருவம் பெறும். ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் 146 அமினோ அமிலங்கள். அதில் ஆறாவது இடத்தில் மின்சுமை கொண்ட குளூட்டாமிக் அமிலத்துக்குப் பதில் முனைவற்ற வேலின் வந்து உட்கார்ந்தால் அதுதான் அரிவாள் செல் சோகை. ஆக்சிஜனை விட்டதும் அந்த வேலின் பக்கத்து மூலக்கூறில் ஒரு முனைவற்ற பள்ளத்தைத் தேடி ஒட்டிக்கொள்ளும், வரிசையாக ஒட்டி நாராக நீளும், சிவப்பணு வளைந்துபோகும். 1952இல் இந்தியாவில் இது முதலில் பதிவானது நம் நீலகிரியின் பழங்குடி மக்களிடம்தான்.

இப்போது அந்தக் கிராம் கணக்கு. கதவு மூலக்கூறுகளை எண்ணித்தான் விடுகிறது, எடை போட்டு இல்லை. ஒரு கிலோ கடுகும் ஒரு கிலோ கொண்டைக்கடலையும் எடையில் ஒன்று, எண்ணிக்கையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். எண்ணுவதற்காகத்தான் மோல். ஒரு டஜன் என்றால் 12 போல, ஒரு மோல் என்றால் 6.022 பெருக்கல் 10இன் 23ஆம் அடுக்கு. ஒரு மோல் குளுக்கோஸ் 180 கிராம், ஒரு மோல் உப்பு 58.5 கிராம். பேனாவை எடுத்து நீங்களே வகுத்துப் பாருங்கள். குளுக்கோஸ் 13.5 கிராமை 180ஆல் வகுத்தால் 0.075 மோல், அதாவது 75 மில்லிமோல். உப்பு 2.6ஐ 58.5ஆல் வகுத்தால் 44 மில்லிமோல் சோடியம், 44 மில்லிமோல் குளோரைடு. சிட்ரேட்டின் ஒரு மோல் 294 கிராம், ஆகவே 2.9 கிராம் என்பது 10 மில்லிமோல், ஒவ்வொன்றிலும் மூன்று சோடியம் இருப்பதால் இன்னொரு 30. கூட்டினால் சோடியம் ஏறக்குறைய 75. குளுக்கோஸ் 75, சோடியம் 75! எடையில் ஐந்து மடங்கு வித்தியாசமாகத் தெரிந்த உப்பும் சர்க்கரையும் எண்ணிக்கையில் இப்படித்தான் ஈடுகட்டி வைக்கப்பட்டிருக்கின்றன.

மிச்சத்தையும் கூட்டிவிடுவோம். பொட்டாசியம் 20, குளோரைடு மொத்தம் 65, சிட்ரேட் 10. ஆக ஒரு லிட்டரில் 245 மில்லிமோல் துகள்கள். ரத்தத்தில் இந்த எண் 290 பக்கம். துகள் குறைவாக இருக்கிற பக்கத்திலிருந்து அதிகமாக இருக்கிற பக்கத்துக்குத் தண்ணீர் போகும், சவ்வூடு பரவல் என்று படிப்பதெல்லாம் இதுதான். குடலில் 245, ரத்தத்தில் 290, தண்ணீர் உள்ளே போகிறது. ஒரு லிட்டர் பாக்கெட்டை அரை லிட்டரில் கலந்துவிட்டால் 490 ஆகிவிடும், தண்ணீர் தலைகீழாகக் குடலுக்குள் வரத் தொடங்கும், குழந்தைக்கு வயிற்றுப்போக்கு அதிகமாகும். "கெட்டியாகக் கலந்தால் சத்து அதிகம்" என்று நினைத்துச் செய்கிறவர்கள் உண்டு, உயிரியல் படிக்கிற நீங்கள் வீட்டில் இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். அதிகச் சர்க்கரை போட்ட குளிர்பானத்தை ஓ.ஆர்.எஸ்ஸுக்குப் பதிலாகக் கொடுப்பதிலும் இதே ஆபத்துதான்.

நான்காவது வரியான சிட்ரேட் எதற்கு என்பதற்கு அமிலமும் காரமும் தெரிய வேண்டும். ஹைட்ரஜனின் எலக்ட்ரானை மற்றவர் முழுசாக இழுத்துவைத்துக்கொண்டால் மிஞ்சுவது வெறும் புரோட்டான், ஹைட்ரஜன் அயனி. அதைக் கொடுப்பது அமிலம், வாங்கிக்கொள்வது காரம். கரைசலில் அது எவ்வளவு இருக்கிறது என்பதைச் சொல்வது பிஹெச். கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் சோரன்சென் 1909இல் கொண்டுவந்த அளவு. எண் ஒன்று குறைந்தால் ஹைட்ரஜன் அயனி பத்து மடங்கு கூடும். ஆரத்தித் தட்டில் மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்ததும் சிவப்பது நம் வீட்டுப் பிஹெச் சோதனை. மஞ்சளில் இருக்கிற குர்குமின் காரத்தில் தன் ஹைட்ரஜன் அயனியை இழந்து நிறம் மாறுகிறது. எலுமிச்சை பிழிந்தால் மறுபடி மஞ்சளாகிவிடும், ஒரு ஸ்பூனில் செய்து பாருங்கள்.

இரைப்பையில் பிஹெச் 1.5 முதல் 3.5 வரை இருக்கும். ரத்தத்தில் 7.35 முதல் 7.45 வரைதான் இருக்கலாம். 7.4 என்பது 7.1 ஆவது சின்ன மாற்றமாகத் தெரியும், ஆனால் அதற்குள் ஹைட்ரஜன் அயனி இரண்டு மடங்காகியிருக்கும். புரதத்தின் மின்சுமைகள் மாறும், மடிப்பு தளரும், நொதிகள் தடுமாறும். இதைத் தடுக்கத்தான் தாங்கல் கரைசல். நம் ரத்தத்தில் முக்கியமானது பைகார்பனேட்டும் கார்பானிக் அமிலமும் சேர்ந்த ஜோடி: ஹைட்ரஜன் அயனி கூடினால் பைகார்பனேட் வாங்கிக்கொள்ளும், குறைந்தால் கார்பானிக் அமிலம் கொடுக்கும். மிச்சத்தை நுரையீரல் கார்பன் டை ஆக்சைடாக ஊதித் தள்ளிவிடும். வயிற்றுப்போக்கில் இந்தப் பைகார்பனேட் நிறைய வெளியே போய்விடுவதால் ரத்தம் அமிலப் பக்கம் சாய்கிறது. மஹலனோபிஸ் சமையல் சோடா போட்டதும் அதற்குத்தான், சமையல் சோடா என்பதே சோடியம் பைகார்பனேட். ஆனால் அது குளுக்கோஸோடு பாக்கெட்டில் கிடந்தால் ஈரக்காற்றில் கெட்டுப்போகிறது என்பதால் 1980களில் சிட்ரேட்டுக்கு மாறினார்கள். சிட்ரேட் உடம்பில் எரிக்கப்படும்போது பைகார்பனேட் உண்டாகிறது, பாக்கெட்டும் கெடாமல் இருக்கிறது.

மிச்சம் இருப்பது பொட்டாசியம் குளோரைடு. வயிற்றுப்போக்கில் பொட்டாசியமும் போகும், மிகவும் குறைந்தால் தசை தளரும், இதயத்துடிப்பின் தாளம் கெடும், அதனால் சேர்த்திருக்கிறார்கள். ஆனால் எனக்குப் பிடித்த கேள்வி வேறு. சோடியமும் பொட்டாசியமும் ஒரே மின்சுமை கொண்டவை, சோடியம் அளவில் சிறியது. அப்படியிருக்க செல் சவ்வில் இருக்கிற பொட்டாசியம் வாயில் பெரிய பொட்டாசியத்தை விட்டுவிட்டுச் சின்ன சோடியத்தை எப்படித் தடுக்கிறது? ராடரிக் மெக்கினன் 1998இல் அந்த வாயிலின் கட்டமைப்பைக் கண்டுபிடித்தார், 2003இல் வேதியியல் நோபல் கிடைத்தது. வாயிலின் குறுகலான இடத்தில் ஆக்சிஜன் அணுக்கள் வரிசையாக உள்நோக்கி நிற்கின்றன. தண்ணீரில் இருக்கும்போது பொட்டாசியத்தைச் சுற்றி ஆக்சிஜன்கள் எந்தத் தூரத்தில் நின்றனவோ, கிட்டத்தட்ட அதே தூரத்தில். ஆகவே பொட்டாசியம் தன் தண்ணீர்ப் பட்டாளத்தை உதறிவிட்டு நஷ்டமில்லாமல் நுழைகிறது, விநாடிக்குக் கோடிக்கணக்கில். சோடியம் உள்ளே வந்தால் அந்த ஆக்சிஜன்களை அதற்கு எட்டாது, தண்ணீரை விட்டுவிட்டு வர அதற்குக் கட்டுப்படியாகாது, வெளியிலேயே நின்றுவிடுகிறது.